ஐஇஎல்டிஎஸ் சொல்வளம்: பாதி தெரிந்த வார்த்தைகளிலிருந்து தொடங்கலாம்

வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் வந்துவிடும். 'பேண்ட் 9 வொக்காபுலரி' என்றோ 'ஆயிரம் அட்வான்ஸ்டு வேர்ட்ஸ்' என்றோ அதற்கு ஒரு பெயர் இருக்கும். திறந்தால் முதல் பக்கத்திலேயே பிளெத்தோரா, யுபிக்விட்டஸ், மிரியட், பாரமவுன்ட் என்று வரிசை கட்டி நிற்கும். ஒரு நாளைக்கு இருபது என்று கணக்குப் போட்டு, புது நோட்டு வாங்கி, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று எழுத ஆரம்பிப்பார்கள். ஒரு வாரம் ஓடும். அப்புறம் அந்த நோட்டையே தேட வேண்டியிருக்கும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. தேர்வு கேட்காத ஒன்றுக்குத் தயார் செய்துகொண்டிருந்தால் மனசு தானாகவே கழன்றுகொள்ளும். ஆங்கிலம் ஓரளவு படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் எழுதவும் பேசவும் வார்த்தை வரவில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: புதுச் சொற்களைத் துரத்துவதற்கு முன்னால், ஏற்கெனவே பாதி தெரிந்த சில நூறு சொற்களை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு மதிப்பெண் அங்கேதான் தங்கி நிற்கிறது.

தேர்வு எதைப் பார்க்கிறது

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சொல்வளத்துக்கென்று தனித் தாள் கிடையாது. லிஸனிங்கில் 40 கேள்வி, ரீடிங்கில் 40 கேள்வி, ரைட்டிங்கில் ஒரு மணி நேரத்தில் இரண்டு பகுதி, ஸ்பீக்கிங்கில் தேர்வாளரோடு 11 முதல் 14 நிமிடப் பேச்சு. முதல் இரண்டிலும் சொல்வளம் மறைமுகமாகச் சோதிக்கப்படுகிறது. பத்தியில் ஒரு வார்த்தை இருக்கும், கேள்வியில் அதே பொருளில் வேறொன்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கிறவருக்கு மதிப்பெண். ரைட்டிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் சொல்வளத்துக்கு நேரடியாகவே மதிப்பெண் உண்டு. இரண்டையும் தலா நான்கு அளவுகோல்களால் அளக்கிறார்கள். அவற்றில் ஒன்று 'லெக்ஸிகல் ரிசோர்ஸ்', அதாவது சொல்வளம். கால் பங்கு அதற்கு.

எந்த பேண்டுக்கு (மதிப்பெண் படிக்கு) என்ன எதிர்பார்க்கிறோம் என்று தேர்வை நடத்துகிறவர்களே ஓர் அட்டவணையை வெளியிட்டிருக்கிறார்கள். கோச்சிங் போகிறவர்களில் பலர் இதைப் பார்த்ததே இல்லை. ரைட்டிங்கில் 6 என்றால், தலைப்புக்குப் போதுமான சொற்கள் இருக்கின்றன, அரிய சொற்களை முயன்று பார்க்கிறார், ஆனால் பிசகுகிறார். 7 என்றால், அதிகம் புழங்காத சில சொற்களை அவற்றின் நடையும் சேர்க்கையும் ஓரளவு தெரிந்து பயன்படுத்துகிறார். அந்தச் 'சேர்க்கை' என்கிற விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதுதான் அது. ஆங்கிலத்தில் கொலொகேஷன் என்பார்கள்.

'எ பிளெத்தோரா ஆஃப் பொல்யூஷன் இஸ் ஹேப்பனிங் இன் மை சிட்டி' என்று ஒருவர் எழுதுகிறார். பிடிஎஃபில் மனப்பாடம் செய்த சொல் வந்துவிட்டது. ஆனால் பிளெத்தோரா (ஏராளம்), எண்ணக்கூடிய பொருள்களோடு வருகிற சொல். பொல்யூஷனை எண்ண முடியாது. பொல்யூஷன் 'ஹேப்பன்' ஆகிறது என்றும் இயல்பாகச் சொல்ல மாட்டார்கள். இன்னொருவர் 'ஏர் பொல்யூஷன் ஹேஸ் ரீச்டு டேஞ்சரஸ் லெவல்ஸ் இன் மை சிட்டி' என்று எழுதுகிறார். இதில் ஒரு சொல்கூட நமக்குப் புதுசு இல்லை. ஆனால் ஏர் பொல்யூஷன், ரீச் லெவல்ஸ், டேஞ்சரஸ் லெவல்ஸ் என்று ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது ஆளுக்குத்தான் மதிப்பெண்.

அரை பேண்ட் என்பது சின்ன விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறார்கள். நம் ஊர் நர்ஸ்கள் பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

எந்தச் சொற்கள்

ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் சொற்கள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாம் சம அளவில் புழங்குவதில்லை. கொஞ்சம் சொற்களே திரும்பத் திரும்ப வரும், மீதிச் சொற்கள் எப்போதாவது தலைகாட்டும். எந்தச் சொல் எவ்வளவு புழங்குகிறது என்று எண்ணிப் பார்த்து, அதிகம் புழங்குவதிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் மைக்கேல் வெஸ்ட் முக்கியமானவர். ஆங்கிலேயர் காலத்தில் டாக்காவில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தோடு மல்லுக்கட்டுவதை நேரில் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டு. 1953இல் அவர் பெயரில் வெளியான பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொற்கள் இருந்தன. கோ, ஹவுஸ், வாட்டர், பிகாஸ் மாதிரியானவை. பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்கு இதில் பெரும்பகுதி தெரிந்திருக்கும்.

அதற்கு அடுத்த படியை 2000இல் நியூசிலாந்தின் வெலிங்டனிலிருந்து ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்கிற ஆய்வாளர் எடுத்து வைத்தார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு துறைகளிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட பாடநூல்களையும் கட்டுரைகளையும் அலசினார். வெஸ்ட் பட்டியலில் இருப்பவற்றைக் கழித்துவிட்டு, எல்லாத் துறைகளிலும் பரவலாக வருகிற சொற்களை மட்டும் பொறுக்கினார். 570 சொற்குடும்பங்கள் தேறின. அகாடமிக் வேர்ட் லிஸ்ட் என்று இணையத்தில் தேடினால் இலவசமாகக் கிடைக்கும். சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதன் உறவுகளும்: அனலைஸ், அனாலிசிஸ், அனலிஸ்ட், அனலிட்டிக்கல் எல்லாம் ஒரே வீடு.

கல்வி சார்ந்த ஆங்கிலத்தில் வெஸ்டின் 2000 சொற்கள் முக்கால் பங்குக்குச் சற்று மேல் அடைத்துக்கொள்கின்றன, காக்ஸ்ஹெட்டின் 570 குடும்பங்கள் இன்னொரு 10 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் சுமார் 86. மீதி, அந்தந்தத் துறைக்கே உரிய சொற்களும் பெயர்களும் அரிய சொற்களும். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் (தேர்வின் இரு வகைகளில் உயர்கல்விக்கானது) ரீடிங்கில் வரும் மூன்று பத்திகளும் பத்திரிகை, நூல், ஆய்விதழ் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுபவைதான். ஆகவே யுபிக்விட்டஸை விட இந்த 570 எத்தனையோ மடங்கு கூலி கொடுக்கும்.

சரி, இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் நமக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. ஏரியா, பாலிசி, ப்ராசஸ், இன்கம், டிரான்ஸ்ஃபர், டாக்குமென்ட், ஷிஃப்ட், பார்ட்னர், லைசன்ஸ், மெடிக்கல், அட்ஜஸ்ட், கன்ஃபர்ம், ரிலாக்ஸ், டீம். எல்லாம் அதில் இருப்பவை. 'இன்கம் சர்டிஃபிகேட் வாங்கிட்டியா', 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க', 'அவருக்கு நைட் ஷிஃப்ட்' என்று பள்ளிக்கூடம் பக்கம் போகாத பாட்டிகூடப் பேசுகிற சொற்கள். அகாடமிக் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறோமே தவிர, அதில் கணிசமானவை நம் தெருவில் தினமும் நடமாடுபவை.

ஆபத்தும் அதிலேயேதான் இருக்கிறது. தமிழுக்குள் வந்த ஆங்கிலச் சொல் தன் ஒரே ஒரு பொருளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வரும், மீதியை அங்கேயே விட்டுவிடும். மெயின்டெயின் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை மெயின்டெயின் பண்ணுகிறோம், உடம்பை மெயின்டெயின் பண்ணுகிறோம். ரீடிங் பத்தியில் 'கிரிட்டிக்ஸ் மெயின்டெயின் தட் தி பாலிசி ஃபெயில்ட்' என்று ஒரு வரி வருகிறது. விமர்சகர்கள் எதைப் பராமரித்தார்கள் என்று நாம் யோசித்துக்கொண்டிருப்போம். இங்கே மெயின்டெயின் என்றால் 'அடித்துச் சொல்வது, தன் கருத்தில் உறுதியாக நிற்பது'. கேள்வியில் 'சம் பீப்பிள் ஆர்க்யூ தட் தி பாலிசி வாஸ் அன்சக்சஸ்ஃபுல்' என்று இருக்கும். தெரிந்த சொல் என்கிற நம்பிக்கையில் கடந்து போகிறவர் இந்தக் கேள்வியை விட்டுவிடுவார். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் குறைந்தபட்சம் நின்று யோசித்திருப்பார்.

கமிஷன் இன்னும் வேடிக்கை. நமக்கு அது புரோக்கர் வாங்குவது, அல்லது டெண்டரில் அடிப்பது, அல்லது அரசு அமைக்கும் விசாரணைக் குழு. 'தி கவுன்சில் கமிஷண்டு எ ரிப்போர்ட்' என்றால் அறிக்கை ஒன்றைத் தயாரித்துத் தரச் சொல்லிப் பணித்தார்கள், அவ்வளவே. யாரும் காசு அடிக்கவில்லை. கான்ட்ராக்ட் நமக்கு ஒப்பந்தம். 'மெட்டல்ஸ் கான்ட்ராக்ட் வென் கூல்டு' என்றால் குளிர்ந்தால் உலோகம் சுருங்கும். 'கான்ட்ராக்ட் மலேரியா' என்றால் மலேரியா தொற்றிக்கொள்வது. இஷ்யூ நமக்குப் பிரச்சினை. ஆங்கிலத்தில் பத்திரிகையின் ஓர் இதழும் இஷ்யூதான், பாஸ்போர்ட் வழங்குவதும் இஷ்யூதான்.

அதனால் முதல் வேலை இது. 570ஐயும் ஒரு முறை மேலோட்டமாகப் படித்து, 'இது நம்ம ஆளுதானே' என்று தோன்றுகிறவற்றைத் தனியே குறியுங்கள். அகராதியில் பார்க்க வேண்டியது முதலில் அவற்றைத்தான். ஆங்கிலம்-தமிழ் அகராதி இதற்குப் போதாது. பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் பொருள் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே கற்கிறவர்களுக்கென்று எளிய ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பும் கேட்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். பொருளைவிட அந்த வாக்கியங்கள்தான் முக்கியம்.

சொல்லின் ஜோடி

சேர்க்கை நமக்குப் புதிய விஷயமே இல்லை. சோறு வடிக்கிறோம், குழம்பு வைக்கிறோம், தோசை சுடுகிறோம், காபி போடுகிறோம். எல்லாம் அடுப்பில் நடக்கிற காரியம்தான். ஆனாலும் தோசை வடித்தேன் என்று யாரும் சொல்வதில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது. யாரும் இதற்கு விதி சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். மேக் எ டிசிஷன், டூ ரிசர்ச், போஸ் எ த்ரெட், ஹெவி ரெயின், ஸ்ட்ராங் விண்ட். ஏன் ஸ்ட்ராங் ரெயின் இல்லை என்று கேட்டால் பதில் கிடையாது.

ஒரே ஒரு சொல்லைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இம்போஸ். 570இல் இருப்பது. பிடிஎஃப் நோட்டில் 'இம்போஸ் - திணி' என்று ஒரு வரி இருக்கும். இதை வைத்துக்கொண்டு என்ன வாக்கியம் எழுதுவீர்கள்? 'அம்மா என் தட்டில் சோற்றை இம்போஸ் பண்ணினாள்' என்று எழுதலாம், சிரிப்புத்தான் வரும். அகராதியில் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். இம்போஸ் எ பேன், இம்போஸ் எ டாக்ஸ், இம்போஸ் எ ஃபைன், இம்போஸ் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ். இப்போது தமிழில் ஒரு வினைச்சொல் தானாக வந்து நிற்கும்: தடை விதி, வரி விதி, அபராதம் விதி, கட்டுப்பாடு விதி. இரண்டு மொழியிலும் அதே ஜோடிகள்! இப்படி வாய்க்கிறபோது விடாதீர்கள். பாதி வேலையைத் தமிழே செய்து கொடுத்துவிடும். எல்லா நேரமும் வாய்க்காது. நமக்கு வெயில் அடிக்கிறது என்பதற்காக ஆங்கிலத்தில் சூரியன் யாரையும் அடிப்பதில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. யார் மேல் விதித்தார்கள்? இம்போஸ் எ பேன் 'ஆன்' பிளாஸ்டிக் பேக்ஸ். அந்த 'ஆன்' சொல்லோடு ஒட்டிய வால். இந்த வால்கள்தான் நம்மை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. டிஸ்கஸ் என்பதற்கு வால் கிடையாது, நாம் 'டிஸ்கஸ் அபவுட்' என்போம். கோப் வித் போதும், நாம் 'கோப் அப் வித்' என்போம். இன்க்ரீஸ், வரைபடத்தை விவரிக்கச் சொல்லும் அகாடமிக் ரைட்டிங் முதல் பகுதியில் அடிக்கடி வருகிற சொல். 20இலிருந்து 30 ஆனது என்றால் 'இன்க்ரீஸ்டு டு 30', 'இன்க்ரீஸ்டு பை 10'. பெயர்ச்சொல்லாகப் போட்டால் 'அன் இன்க்ரீஸ் ஆஃப் 10', எதில் அதிகரிப்பு என்றால் 'அன் இன்க்ரீஸ் இன் சேல்ஸ்'. டு, பை, ஆஃப், இன். நான்கும் தெரிந்தால்தான் இன்க்ரீஸ் தெரியும் என்று அர்த்தம். 'டு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பை' எழுதிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. அது இலக்கணப் பிழையாக மட்டும் நிற்காது, தகவல் பிழையாகவும் ஆகும்.

இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், அட்வைஸ் போன்றவற்றுக்குப் பின்னால் எஸ் போடக்கூடாது என்பதும் இந்த வகைதான். நாம் அலுவலகத்தில் பத்து வருஷமாகப் போட்டுக்கொண்டிருப்போம். அதேபோல், 'ஐ பாஸ்டு அவுட் இன் 2018' என்பது சென்னையில் நன்றாகப் புரியும். இந்திய ஆங்கிலத்தைக் குறைவாக நினைக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் வேறு நாட்டுக்காரர் அதை 2018இல் மயங்கி விழுந்தேன் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு என்பதால், தேர்வறையில் 'கிராஜுவேட்டட்' என்றே சொல்லிவிடலாம்.

நோட்டில் எப்படி எழுதுவது

ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்பதை விட்டுவிடுங்கள். இம்போஸ் என்று எழுதி, பக்கத்தில் அதன் ஜோடிகள் மூன்று, வால் ஒன்று, அப்புறம் உங்களுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒரு வாக்கியம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது நினைவிருக்கும். மஞ்சப்பையைத் திரும்ப எடுத்தோமே, அந்தச் சமயம். 'இன் 2019, தமிழ்நாடு இம்போஸ்டு எ பேன் ஆன் சிங்கிள்-யூஸ் பிளாஸ்டிக்ஸ்.' இந்த ஒரு வாக்கியம் சுற்றுச்சூழல் கட்டுரைக்கும் உதவும், அரசின் கடமை பற்றிய கட்டுரைக்கும் உதவும், ஸ்பீக்கிங்கில் மூன்றாம் பகுதிக்கும் உதவும். அகராதி வாக்கியத்தை அப்படியே பார்த்து எழுதினால் அது மறந்துவிடும். நம் ஊர்ச் சங்கதி ஒட்டிக்கொள்ளும்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. (இந்தக் கட்டுரையும் அதைத்தான் செய்கிறது, வேறு வழியில்லை.) நோட்டில் அது வேண்டாம். 'பேக்' என்று தமிழில் எழுதினால் அது பையா, மூட்டை கட்டுவதா, முதுகா என்று எழுதியவருக்கே அடுத்த மாதம் தெரியாது. ஆங்கிலத்தில் மூன்றும் வெவ்வேறு ஒலி, வெவ்வேறு எழுத்து. லிஸனிங்கில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. அக்காமடேஷனில் சி இரண்டு, எம் இரண்டு. கவர்ன்மென்டிலும் என்விரான்மென்டிலும் எம்முக்கு முன்னால் வாயில் வராத ஒரு என் ஒளிந்திருக்கிறது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா அமெரிக்கனா என்ற கவலை வேண்டாம், இரண்டும் ஏற்கப்படும். ரைட்டிங்கைக் கம்ப்யூட்டரில் எழுதினால் எத்தனை சொல் எழுதியிருக்கிறோம் என்று அது காட்டும், ஆனால் எழுத்துப்பிழைக்குக் கீழே சிவப்புக் கோடு போடாது. போனின் ஆட்டோகரெக்டை நம்பிப் பழகிய கை அங்கே தடுமாறும். பயிற்சியின்போதே அதை அணைத்துவிடுங்கள்.

ஏன் மறக்கிறது

1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்கிற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து ஒரு நூல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மறதி மளமளவென்று நடக்கிறது, அப்புறம் மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, இடைவெளி விட்டுப் படிப்பது நிற்கும் என்பதையும் அவரே கவனித்தார்.

இதையே ஒரு பெட்டியாக மாற்றினார் செபாஸ்டியன் லைட்னர் என்கிறவர், 1970களில். செலவில்லாத ஏற்பாடு. அட்டைகளும் நான்கைந்து அறை உள்ள ஒரு டப்பாவும் போதும். அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. புது அட்டைகள் எல்லாம் முதல் அறையில். தினமும் எடுத்துப் பார்க்க வேண்டும். விடை சரியாக வந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். அந்த அறையை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் திறப்போம். அதற்கடுத்தது வாரம் ஒரு முறை. எந்த அறையில் தவறினாலும் அட்டை முதல் அறைக்கே திரும்பி வரும். நன்றாகத் தெரிந்ததை அரிதாகவும், தடுமாறுவதை அடிக்கடியும் பார்க்க வைப்பதுதான் சூட்சுமம். அங்கி என்கிற செயலி இதே வேலையை போனில் செய்கிறது. கம்ப்யூட்டருக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இலவசம், ஐபோனுக்குக் காசு.

அட்டையின் முன்பக்கத்தில் வெறும் 'இம்போஸ்' என்று எழுதிப் பொருள் கேட்டால், அடையாளம் காணத்தான் பழகுவீர்கள். ரீடிங்குக்கு அது போதும், எழுதுவதற்கு வராது. முன்பக்கம் 'தமிழ்நாடு ______ எ பேன் ______ சிங்கிள்-யூஸ் பிளாஸ்டிக்ஸ்' என்று கோடிட்டு வையுங்கள். மூளை அந்தச் சொல்லையும் வாலையும் தேடி எடுக்க வேண்டும். அந்தத் தேடல்தான் பதிய வைக்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். நோட்டைப் புரட்டிக்கொண்டே இருக்கும்போது எல்லாம் தெரிகிற மாதிரி இருப்பது அதனால்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்பீர்கள். ஆறு சொற்குடும்பம் என்று வைத்துக்கொண்டால் 570ஐ முடிக்க 95 நாள். அதில் பல ஏற்கெனவே பழக்கமானவை என்பதால் மூன்று மாதம் தாராளமாகப் போதும். இருபது வேண்டவே வேண்டாம்.

எதைப் படிப்பது

'ஹிந்து பேப்பர் எடிட்டோரியல் படி' என்று சொல்லாத அப்பா தமிழ்நாட்டில் உண்டா? கெட்ட அறிவுரை இல்லை. ஆனால் ஆரம்பத்திலேயே அங்கே போனால் முதல் பத்தியோடு தூக்கம் வந்துவிடும். ஒரு கட்டுரை உங்களுக்கு ஏற்றதா என்று பார்க்க எளிய வழி உண்டு: 100 சொற்களை எண்ணி, அதில் தெரியாதவை எத்தனை என்று பாருங்கள். சொல்வள ஆய்வாளர் பால் நேஷனின் கணக்குப்படி, உதவியின்றி வசதியாகப் படிக்க 100க்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும். அகராதியோடு படிக்கும்போது 95 இருந்தாலும் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தக் கட்டுரையை அடுத்த மாதத்துக்கு வைத்துவிடுங்கள். அறிவியல், உடல்நலம், நகரம், விலங்குகள் பற்றிய செய்திக் கட்டுரைகள் தலையங்கத்தைவிட எளிது, ரீடிங் பத்திகளுக்கும் நெருக்கம். காதுக்கு பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நல்லது. சின்னது, பேசுவது முழுக்க எழுத்திலும் கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட நல்ல சொல் சுரங்கம், நீங்கள் செய்து முடித்த மாதிரித் தேர்வுதான். நிறையப் பேர் விடைகளைத் திருத்தி, 40க்கு 27 என்று எண்ணிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, அதன் விடை பத்தியில் எந்த வரியில் இருக்கிறது, கேள்வியின் எந்தச் சொல் பத்தியில் எந்தச் சொல்லாக மாறியிருக்கிறது என்று ஜோடி சேர்த்து எழுதுங்கள். பத்தியில் 'அபான்டன்டு ஓயிங் டு எ லேக் ஆஃப் ஃபண்ட்ஸ்' என்று இருக்கும். கேள்வியில் 'ஸ்டாப்டு பிகாஸ் ஆஃப் இன்சஃபிஷியன்ட் மணி' என்று வரும். அபான்டன்-ஸ்டாப், ஓயிங் டு-பிகாஸ் ஆஃப், லேக் ஆஃப்-இன்சஃபிஷியன்ட், ஃபண்ட்ஸ்-மணி. ஒரே வரியில் நான்கு ஜோடி. ரைட்டிங்கில் கேள்வியை உங்கள் சொந்தச் சொற்களில் மாற்றி எழுத வேண்டியிருக்கும்போது இதே ஜோடிகள் கைகொடுக்கும். கேள்வித்தாளில் இருப்பதை அப்படியே பெயர்த்து எழுதினால் அது உங்கள் சொல்வளக் கணக்கில் வராது.

பேசும்போது வார்த்தை வராவிட்டால்

ஸ்பீக்கிங்கில் எழுத்து நடைச் சொற்களைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். 'ஐ ரிசைட் இன் மதுரை' என்று யாரும் பேசுவதில்லை, 'ஐ லிவ் இன் மதுரை' போதும். மனப்பாடம் செய்த மரபுத்தொடர்களும் அப்படித்தான். மழையைப் பற்றிக் கேட்டதும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (பூனையும் நாயுமாகக் கொட்டுகிறது) என்று சொல்கிறவர்களைத் தேர்வாளர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

வார்த்தை தெரியாமல் நிற்பது குற்றம் இல்லை. சுற்றி வளைத்து விளக்கத் தெரிவதற்கு மதிப்பெண் அட்டவணையிலேயே இடம் உண்டு. உங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார்கள், கோலம் பற்றிப் பேச ஆசை. ஆங்கிலச் சொல் தேடி விழிக்க வேண்டாம். கோலம் என்றே சொல்லி, 'இட்ஸ் எ பேட்டர்ன் வீ டிரா வித் ரைஸ் ஃப்ளவர் அவுட்சைட் தி ஃப்ரன்ட் டோர், ஏர்லி இன் தி மார்னிங்' என்று தொடர்ந்தால் போயிற்று. அம்மி, திண்ணை, மொய், வளைகாப்பு என்று பத்துப் பொருளை எடுத்து, ஒவ்வொன்றையும் தமிழ் தெரியாத ஒருவருக்கு இரண்டு வாக்கியத்தில் விளக்குவதாக வைத்துப் போனில் பதிவு செய்து பாருங்கள். மொய்யை விளக்குவது நினைப்பதைவிடக் கஷ்டம்.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, இவ்வளவுக்கும் நேரம் இல்லை என்கிறவர்கள் 570ஐத் தொடாதீர்கள். இதுவரை நீங்கள் எழுதிய கட்டுரைகள் நாலைந்தை எடுங்கள். எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறீர்கள் என்று பென்சிலால் சுழியுங்கள். குட், பேட், பிக், திங், ப்ராப்ளம், இம்பார்ட்டன்ட், ஐ திங்க் என்று பெரும்பாலும் ஏழெட்டுச் சொற்களே எல்லாக் கட்டுரையையும் சுமந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஜோடியோடு இரண்டு மாற்று மட்டும் கண்டுபிடித்து, அதே கட்டுரைகளைத் திரும்ப எழுதுங்கள். 'பிக் ப்ராப்ளம்' வருகிற இடத்தில் ஓரிடத்தில் 'சீரியஸ் ப்ராப்ளம்', இன்னோரிடத்தில் 'மேஜர் கன்சர்ன்'. புதிய கட்டுரை எழுதுவதை விட்டுவிட்டு, எழுதியதையே பழுது பாருங்கள். பிளெத்தோராவை மட்டும் தொட வேண்டாம்.